பத்தில் ஒரு பங்கு சாவுப் பீர்

அக்டோபர் 6, திங்கள்

மழை. வெளியே ஆறு டிகிரி. இரத்த அழுத்தம் நேற்றைவிடக் கொஞ்சம் மேல். மாடிப்படிக் கைப்பிடி இன்னும் ஆடுகிறது. குடியிருப்புச் சங்கத்துக்குச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டும் என்று போன மாதமும் எழுதியிருக்கிறேன்.

மதியப் பேருந்தில் பராமரிப்பு இல்லத்துக்குப் போய் அண்ணனைப் பார்த்தேன். ஏரி தெரிகிற அறையைக் கொடுத்திருக்கிறார்கள். அவரோ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கணையத்தில் கட்டி என்று டாக்டர் சொன்னபோது, “அது எந்தப் பக்கம் இருக்கு?” என்று கேட்டவர். கிறிஸ்துமஸ் வரை தாங்குவது சந்தேகம் என்று அவரிடமே சொல்லிவிட்டார்கள். இங்கே நோயாளியிடம் எதையும் மறைப்பதில்லை.

நான் கொண்டுபோன வாஃபிளைத் தொடவில்லை. திடீரென்று திரும்பி, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

“டேய் கூட்லைக். இந்தப் பள்ளத்தாக்குல யார் செத்தாலும் அடக்கத்தன்னிக்குச் சாவுப் பீர் குடிச்சிருக்கேன். பாதிப் பேருக்கு நானே காய்ச்சிக் குடுத்திருக்கேன். எனக்குக் காய்ச்சுறத மட்டும் நான் குடிக்கக் கூடாதா? இது என்னடா நியாயம்?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மகள் ஹெர்போர்க்கிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டாராம். பண்ணை இப்போது அவள் கையில். காய்ச்சும் கொட்டகையும் இருநூறு லிட்டர் செம்பு அண்டாவும் அங்கேதான். மாட்டேன் என்றாளாம். மூச்சு இருக்கிற மனிதனுக்குச் சாவுப் பீர் காய்ச்சினால், அடுப்பை மூட்டுகிறவள்தான் அவரை அனுப்பிவைத்ததாக ஆகும் — அப்படிச் சொன்னாளாம்.

“அவ கிடக்கறா. நீ காய்ச்சு,” என்றார் அண்ணன்.

நான் சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? எனக்கு எழுபத்தெட்டு வயது. வாழ்நாளில் ஒரு லிட்டர் பீர் காய்ச்சியதில்லை.


அக்டோபர் 7, செவ்வாய்

மறுபடி போனேன். அண்ணன் படுத்தபடியே சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். முளைகட்டி உலர்த்திய பார்லி ஐம்பது கிலோ. ஜூனிப்பர் கிளை, ஆள் கட்டிப்பிடிக்கும் அளவு ஒரு கட்டு — அதைக் கொதிக்கவைத்த நீரில்தான் பார்லியை ஊறப்போடுவது. வடித்த சாறு அண்டாவில் நாலு மணி நேரம் கொதிக்க வேண்டும். கசப்புக்கு ஹாப்ஸ் பூ இரண்டு கைப்பிடி. தொட்டியில் ஊற்றி, பால் கறந்த சூட்டுக்கு வந்ததும் ஈஸ்ட். மேலே ஓர் ஆட்டுத்தோல். இரண்டு நாள்.

“கை யாரோட கை அளவு?” என்று கேட்டேன்.

“என் கைடா. உன் கையா அளவு? உன் கை மாத்திரை எண்ற கை.”

உண்மைதான். அண்ணன் காய்ச்சும்போதெல்லாம் எனக்கு ஒரே வேலை: வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு நிற்பது. எண்ணைச் சொல்வேன். அவர் அதைக் கேட்காமல் விரலை விட்டுப் பார்ப்பார்.

பண்ணை அண்டாவில் நூற்றைம்பது லிட்டர் தேறும். என்னிடம் உள்ள பெரிய பாத்திரம் இருபது லிட்டர் எஃகுப் பானை. மனைவி இருந்தபோது பழக்கூழ் காய்ச்சியது. ஆக, பத்தில் ஒரு பங்கு. பார்லி ஐந்து கிலோ. ஹாப்ஸ், அவர் கையின் ஐந்தில் ஒரு கைப்பிடி. வகுத்து எழுதியதும் மனம் கொஞ்சம் அமைதியானது. வகுத்தல் எனக்குத் தெரிந்த வேலை. முப்பத்தாறு வருடம் மருந்துக் கடையில் செய்த வேலை.

பெர்கனுக்குப் போன் செய்து பார்லி அனுப்பச் சொன்னேன்.


அக்டோபர் 9, வியாழன்

ஈஸ்ட் வேண்டும். அண்ணனுடையது ஹெர்போர்க்கின் உறைபெட்டியில் இருக்கிறது. அவளிடம் கேட்க முடியாது. ஆனால் இங்கே ஒருவர் ஈஸ்ட் ஒருவரிடம் மட்டும் இருப்பதில்லை. கெட்டுப்போனால் திருப்பி வாங்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காகவே அக்கம்பக்கத்தில் கொடுத்துவைப்பார்கள். அண்ணனுடையது பண்ணைக்குப் பக்கத்து வீட்டுப் பிரித்தாவிடம் இருக்கும். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போனேன்.

பிரித்தா விறகு பிளந்துகொண்டிருந்தாள். என்னைவிட நாலு வயது இளையவள். குரல் என்னைவிட நாற்பது மடங்கு.

“வாங்க மருந்துக்கடைக்காரரே! யாருக்கு உடம்பு சரியில்ல?”

“யாருக்கும் இல்ல. கொஞ்சம் ஈஸ்ட்...”

“உங்களுக்கா? எத்தனை லிட்டருக்கு?”

“பதினஞ்சு.”

கோடாலியைக் கட்டையில் ஊன்றிவிட்டுச் சிரித்தாள். “பதினஞ்சா? அது பீர் இல்லைங்க, இருமல் மருந்து. கரண்டி அளவும் எழுதிக் குடுங்க — காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு.”

உள்ளே போய் ஜாம் பாட்டிலில் பழுப்புச் செதில்களைப் போட்டுக்கொண்டுவந்தாள். இரண்டு முறைக்கு வரும் என்றாள். அதற்குமேல் தன்னிடம் மீதி இல்லை, கிறிஸ்துமஸுக்குக் காய்ச்சினால்தான் புதிது. வாசல்வரை வந்தாள். பிறகு, குரலைத் தணிக்கத் தெரியாதவள், தணித்து அண்ணனைப் பற்றிக் கேட்டாள்: “தோர்கில்ஸ் எப்படி இருக்கார்?”

புரிந்துகொண்டுவிட்டாளோ? நான் ‘பரவாயில்லை’ என்றேன். பேருந்தில் வரும்போது பாட்டிலைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன், திருடியதைப் போல.


அக்டோபர் 14, செவ்வாய்

காய்ச்சினேன். நாசம்.

எல்லாம் எழுதியபடி. நாலு மணி நேரம் என்றார். நாலு மணி நேரம். இரண்டாவது மணி நேரத்திலேயே சாறு பாதிக்குக் கீழே போனது. அடுப்பை நிறுத்தலாமா என்று மூன்று முறை கையைக் கொண்டுபோனேன். எழுதியிருப்பது நாலு. நான் யார் அதை மாற்ற? மூன்றரையில் புகை. கூரையில் இருக்கும் புகை எச்சரிப்பான் அலறத் தொடங்கியது. துடைப்பக் கம்பால் அதை அடிக்கும்போது கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

பானையின் அடியில் கறுப்பாகப் பாகு. கரண்டி நட்டுக்கொண்டு நிற்கிறது.

சாப்பிடவில்லை. வாயெல்லாம் கருகல்.


அக்டோபர் 15, புதன்

பானை தேய்த்தேன். தேய்த்தேன்.


அக்டோபர் 17, வெள்ளி

அண்ணனிடம் சொல்லியே ஆக வேண்டும். சொன்னேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, நர்ஸ் ஓடி வந்துவிட்டாள்.

“நாலு மணி நேரம்னா கடிகாரத்தப் பார்த்தாடா காய்ச்சுவாங்க? பெரிய அண்டால நாலு மணி நேரம் கொதிச்சா கால்வாசி குறையும். உன் சட்டில மிச்சம் என்ன இருக்கும்?”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே அண்ணா.”

“நான் என்னத்தக் கண்டேன்? சட்டில காய்ச்சினவன் இந்தப் பரம்பரைல நீதான் முதல் ஆள்.”

அதுவும் உண்மை. அவருக்கே தெரியாது. தெரியாத ஒருவர் சொல்ல, தெரியாத ஒருவன் செய்கிறேன்.

சிரித்த பிறகு களைத்துப்போனார். முகத்தில் எலும்பு தெரிகிறது. சூப்பில் பாதிதான் குடித்தார். நான் கிளம்பும்போது கண்ணைத் திறக்காமலே கேட்டார்: “அடுத்தது எப்ப?”


அக்டோபர் 22, புதன்

இரண்டாம் முறை. கடிகாரத்தைப் பார்க்காமல் அளவைப் பார்த்தேன். மரக்குச்சியில் கோடு போட்டுப் பானைக்குள் நிறுத்தி, கால் பங்கு குறைந்ததும் இறக்கினேன். ஐம்பது நிமிடம்தான் ஆயிற்று. சாறு தேன் நிறம். வாசனை — கொட்டகை வாசனையேதான், அதில் சந்தேகமில்லை. பிளாஸ்டிக் வாளிக்கு மாற்றி, நாற்பது டிகிரியில் ஈஸ்ட் போட்டேன்.

ஈஸ்ட் போடும்போது கத்த வேண்டும். எல்லோரும் செய்வது. கத்தினால்தான் அது விழித்துக்கொள்ளும், குடிக்கிறவர்களும் கலகலப்பாக இருப்பார்கள் என்று. அண்ணன் கத்தினால் மறுகரையில் நாய் குரைக்கும். கீழ்வீட்டுக்காரரை நினைத்து நான் மெதுவாக ‘ஹோய்’ என்றேன்.

வாளிமேல் ஒரு துண்டைப் போர்த்தினேன்.


அக்டோபர் 23, வியாழன்

காலை ஏழு மணி. நுரை இல்லை. வெப்பமானி இருபத்தொன்று காட்டுகிறது. மதியம் — நுரை இல்லை. காதை வைத்துக் கேட்டேன். அங்கே தொட்டியில் மறுநாள் காலையில் மழை பெய்வதுபோல் சத்தம் கேட்கும். இங்கே ஒன்றுமில்லை.

பிரித்தாவிடம் கேட்கலாம். கேட்டால் எதற்கென்று சொல்ல வேண்டும். சொன்னால் மாலைக்குள் ஹெர்போர்க்குக்குப் போய்ச் சேரும்.

மெதுவாகக் கத்தியதுதான் காரணமோ? படித்தவன் எழுதுகிற வாக்கியமா இது?


அக்டோபர் 25, சனி

இரண்டு குமிழி வந்தது, அடங்கிவிட்டது. இன்று ஈரத்துணி வாசனை. கொட்டிவிட்டேன். ஒரு முறைக்கான ஈஸ்ட் மட்டும் பாக்கி.

மாலையில் இல்லத்திலிருந்து நர்ஸ் போன் செய்தாள். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் விழுங்கச் சிரமப்படுகிறார், இனி கெட்டியாக எதுவும் கொடுப்பதில்லை என்றாள். திரவம் எத்தனை நாள் போகும் என்று கேட்க வாய் வரவில்லை.


அக்டோபர் 27, திங்கள்

“கத்தினியா?” இதுதான் முதல் கேள்வி.

“மெதுவா கத்தினேன்.”

“மெதுவா கத்துறதுன்னா என்னடா? மெதுவா ஓடுற மாதிரியா?”

பேசும்போதே நடுங்கினார். போர்வை நழுவியிருந்தது. இழுத்துவிட்டேன். ஒன்றல்ல, மூன்று போர்வை. உள்ளே கை பட்டது, பாதம் பனிக்கட்டி.

“இந்த ஊர்ல ஜனவரில ஜன்னலத் திறந்து போட்டுத் தூங்கினவன்டா நான்,” என்றார். “நூத்திப் பத்து கிலோ இருந்தேன். அவ, அதான் உன் அண்ணி, உங்க பக்கத்துல படுத்தா அடுப்புப் பக்கத்துல படுத்த மாதிரின்னு சொல்வா. இப்போ அம்பத்தெட்டு. எத்தனை போட்டாலும் சூடு நிக்க மாட்டேங்குது. போட்டதும் வெளியே ஓடிடுது.”

நான் அவர் பாதத்தைப் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

கடவுளே. நான் வாளியின் போர்வையையும் வகுத்துவிட்டேன். நூற்றைம்பது லிட்டருக்குத் தன் சூடே போதும். ஓர் ஆட்டுத்தோல் பேருக்குத்தான். பதினைந்து லிட்டருக்கு? குழந்தைக்கு மருந்தளவு போடும்போது பெரியவர் அளவை எடைக்கு எடை வகுத்தால் தப்பு என்று எத்தனை முறை சீட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! சிறிய உடம்புக்குத் தோல்தான் அதிகம், சதை குறைவு. அதற்குக் கணக்கே வேறு. இத்தனையும் தெரிந்தவன் ஒரு வாளிக்கு ஒரு துண்டைப் போர்த்திவிட்டுக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“என்னடா, கால பிடிச்சிட்டு நிக்கற? ஆசீர்வாதமா?”

நான்காவது போர்வை கேட்டு வாங்கிப் போர்த்திவிட்டு வந்தேன்.


அக்டோபர் 31, வெள்ளி

மூன்றாம் முறை. இது போனால் இல்லை.

ஜூனிப்பரை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பத்தில் ஒரு பங்கா, அதிகமா, குறைவா? யாரைக் கேட்பது? குறைத்துப் போட்டேன். பயந்தவன் எப்போதும் குறைத்துத்தான் போடுவான்.

குளியலறைத் தரையில் சூடு ஏற்றும் கம்பி இருக்கிறது. அதை முழுதாகத் திருப்பி, வாளியை அங்கே வைத்தேன். ஈஸ்ட் போடும் நேரம். கதவைச் சாத்தினேன். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது, திரும்பி நின்றுகொண்டேன்.

கத்தினேன்.

எவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. கீழ்வீட்டுக்காரர் குழாயைத் தட்டினார். ஒரு கணம் நின்று, இன்னொரு முறை கத்தினேன்.

பிறகு வாளியைச் சுற்றி என் இறகு மெத்தைப் போர்வை, அதன்மேல் கம்பளி, அதன்மேல் மனைவியின் குளிர்காலக் கோட்டு.


நவம்பர் 1, சனி

முப்பத்தேழு டிகிரி. நுரை வாளியின் விளிம்பைத் தாண்டிக் கோட்டில் வழிந்திருக்கிறது. சத்தம் — மழை.

போர்வையெல்லாம் அதற்குப் போய்விட்டதால் மேல்கோட்டோடு படுத்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. குளிக்க முடியாது. பரவாயில்லை, பரவாயில்லை.


நவம்பர் 2, ஞாயிறு

நடந்ததை ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

புனிதர் ஞாயிறு. எல்லோரும் கல்லறையில் மெழுகுவர்த்தி வைக்கிற நாள். ஹெர்போர்க் தன் அம்மாவுக்கு வைத்துவிட்டு, சொல்லாமல் இங்கே வந்தாள். கையில் எனக்காக உப்பிட்ட ஆட்டு விலா. கதவைத் திறந்ததும் நின்றாள். அந்த வாசனையை அவளிடமிருந்து எதைக் கொண்டு மறைப்பது? அதில் பிறந்து வளர்ந்தவள்.

நேரே குளியலறைக்குப் போனாள். பார்த்தாள். நான் பின்னாலேயே நின்றேன்.

“இது அப்பாவுக்கா?”

“ஆமாம்மா.”

“சித்தப்பா, அவரப் புதைக்க உங்களுக்கு இவ்வளவு அவசரமா?”

“அவர்தான் கேட்டார்...”

“அவர் கேட்பார்! அவர் என்ன வேணா கேட்பார். அம்மா படுக்கையில இருந்தப்ப, போறதுக்கு முன்னாடியே அப்பா அடுப்ப மூட்டிட்டார், ஞாபகம் இருக்கா? நேரத்துக்குத் தயாரா இருக்கணும்னு. கொட்டகைப் புகை அவங்க ஜன்னல் வழியா உள்ள வந்துச்சு. அம்மா என்னப் பார்த்து, ‘எனக்கா?’ன்னு கேட்டாங்க. நான் என்ன சொல்லட்டும்?”

எனக்குத் தெரியாது. இது எனக்குத் தெரியவே தெரியாது.

“கொட்டிருங்க,” என்றாள். அவளே கொட்டவில்லை. வாளிக்கும் அவளுக்கும் இடையே இரண்டடிதான். கோட்டைப் பார்த்து, “சித்தி கோட்டு,” என்று மட்டும் சொல்லி, ஆட்டு விலாவை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வாழ்க்கையில் யாரையும் எதிர்த்து எதையும் செய்ததில்லை. இப்போது இருவர் கேட்கிறார்கள், இருவருக்கும் நியாயம் இருக்கிறது. ஒருவரையாவது நான் எதிர்க்காமல் இருக்க வழியே இல்லை.


நவம்பர் 3, திங்கள்

பாட்டிலில் அடைத்தேன். பன்னிரண்டு லிட்டர். பழக்கதோஷம், சோதனைத் தாளை நனைத்து அமில அளவையும் குறித்துவைத்தேன். கொட்டவும் இல்லை, கொண்டுபோகவும் இல்லை.

கொஞ்சம் ருசி பார்த்தேன். இரத்த அழுத்த மாத்திரை தொடங்கியதிலிருந்து எதைக் குடித்தாலும் எனக்கு நாக்கில் இரும்பு ருசிதான். நல்லதா கெட்டதா — சொல்ல முடியவில்லை.


நவம்பர் 4, செவ்வாய்

ஹெர்போர்க்குக்குப் போன் செய்தேன். நாளைக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். சொல்லி முடித்ததும் ரிசீவரை வைத்துவிட நினைத்தேன்; வைக்கவில்லை. அந்தப் பக்கம் மாடு கத்துவது கேட்டது.

“நான் வர மாட்டேன்,” என்றாள்.

“சரிம்மா.”

“நான் வர மாட்டேன் சித்தப்பா.”

இரண்டாம் முறை அவள் குரலில் கோபம் இல்லை.


நவம்பர் 5, புதன்

இரண்டு பாட்டிலைக் காலுறைக்குள் வைத்துச் சுற்றி, பையில் போட்டு, பேருந்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

அண்ணனைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்தார்கள். நர்ஸ் கண்ணாடிக் கோப்பை கொண்டுவந்தாள். ஊற்றினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். ஒரு வாய்.

கண்ணை மூடிக்கொண்டார். விழுங்க நேரம் ஆயிற்று. தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேர்வு முடிவுக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

“சரியா வந்திருக்குடா,” என்றார்.

“நிஜமாவா அண்ணா?”

“நிஜமாத்தான். சட்டில காய்ச்சின பயலே.”

நர்ஸ் தனக்கும் ஒரு சொட்டு கேட்டாள். அண்ணன் கோப்பையைக் கையால் மூடினார். “உனக்குக் கிடையாது. இது சாவுப் பீர். நான் செத்தப்புறம் பண்ணைக்கு வா, வாளி வாளியாத் தருவாங்க.” அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

பிறகு, “சாவுப் பீர்னா யாராவது ரெண்டு வார்த்தை பேசணுமே, பேசு,” என்றார்.

என் கல்யாணத்தில்கூட என் சார்பில் அவர்தான் பேசினார்.

“எழுந்து நின்னு பேசு. உட்கார்ந்துட்டு யாரும் பேச மாட்டாங்க.”

எழுந்தேன். பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோர்கில்ஸ் சத்தம் போடுகிற மனிதர் என்றேன். நான் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி வந்தபோது, அடித்தவன் வீட்டு வாசலில் போய் நின்று கூப்பாடு போட்டார் என்றேன். என்னைப் படிக்கவைக்க அப்பாவிடம் வாதாடியதும் அதே குரல்தான் என்றேன். அதற்குமேல் வரவில்லை. அதனால், “எண்பத்திரண்டு வயசு வரைக்கும் அடுத்தவங்க பீரை நல்லா இருக்குன்னு ஒரு தடவைகூடச் சொன்னதில்ல,” என்று முடித்தேன்.

“இப்போ சொல்லிட்டேனே,” என்றார் அண்ணன்.

கோப்பை முழுதையும் குடித்தார். ஒவ்வொரு வாய்க்கும் அவ்வளவு நேரம். போதும் என்றேன்; இன்னும் ஊற்று என்றார். இரண்டாவது பாட்டிலிலும் பாதி. மீதியையும் வீட்டுக்கு எடுத்துப் போகவிடவில்லை. “வெச்சிட்டுப் போ, யாருக்கும் குடுக்க மாட்டேன்,” என்றார்.

மாடிப்படிக் கைப்பிடியைப் பற்றிச் சங்கத்துக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை ஆள் வருவார்.


நவம்பர் 11, செவ்வாய்

பேச்சு குறைந்துவிட்டது. என்னைப் பார்த்து உதட்டைக் குவித்தார், கத்துவதுபோல். சத்தம் இல்லை.


நவம்பர் 16, ஞாயிறு

காலை எட்டு மணிக்கு முன். ஹெர்போர்க் பக்கத்தில் இருந்தாள். நான் பேருந்தில் இருந்தேன்.


நவம்பர் 18, செவ்வாய்

ஹெர்போர்க் கொட்டகை அடுப்பை மூட்டினாள். பிரித்தா விறகோடு வந்துவிட்டாள். என்னைப் பார்த்து, “இருமல் மருந்து எப்படி வந்துச்சு?” என்று கேட்டவள், பதிலுக்கு நிற்காமல் கிளையை வெட்டப் போனாள். அவளுக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு வெப்பமானியைக் கொடுத்தார்கள். எண்ணைச் சொன்னேன். ஹெர்போர்க் விரலை விட்டுப் பார்த்தாள்.

ஈஸ்ட் போட்டபோது மூன்று பேரும் கத்தினோம். அவள் குரல் நடுவில் உடைந்தது. பிரித்தா நிறுத்தாமல் அதை மூடிக் கத்தினாள்.


நவம்பர் 21, வெள்ளி

அடக்கம். எண்பது பேருக்குமேல். தொட்டி காலி. எல்லோரும் நல்ல பீர் என்றார்கள்.

பேசச் சொன்னார்கள். ஏற்கெனவே பேசிவிட்டேன் என்று சொல்ல முடியாதே. பாதிரியார் பேசினார்.


டிசம்பர் 7, ஞாயிறு

பனி. வெளியே மைனஸ் நாலு. கைப்பிடி ஆடவில்லை.

மதியம் ஹெர்போர்க் வந்தாள். அண்ணனின் கம்பளிச் சட்டைகளில் இரண்டைக் கொண்டுவந்தாள். என் உடம்புக்கு இரண்டு மடங்கு. காபி போட்டேன், பழுப்புச் சீஸ் எடுத்துவைத்தேன். ஏதோ கேட்க வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. இரண்டாவது காபியில் கேட்டாள்.

“அப்பா குடிச்சாரே, அது மிச்சம் இருக்கா சித்தப்பா?”

நிறைய இருந்தது. எனக்கு அதைத் தொட மனம் வரவில்லை. ஒரு பாட்டிலைத் திறந்து இருவருக்கும் ஊற்றினேன். அவள் அப்பாவைப் போலவே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு வாய் குடித்தாள். முகம் மாறியது. மரியாதைக்காக இன்னொரு வாய் குடித்துப் பார்த்தாள்.

“சித்தப்பா... இது புளிச்சிருக்கு.”

நான் என் கோப்பையைப் பார்த்தேன். எனக்கு இரும்புதான்.

“ஜூனிப்பர் வாசனையே இல்ல. அடியில ஏதோ...” கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். “அப்பா இதையா நல்லா இருக்குன்னார்?”

“சரியா வந்திருக்குன்னார்.”

“அப்பாவா?”

“ஒரு கோப்பை முழுசா குடிச்சார். அப்புறமும் பாதி பாட்டில். இன்னும் ஊத்துன்னார்.”

ஹெர்போர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு நிற்கவில்லை, மேசையில் தலையைச் சாய்த்துத் தோள் குலுங்கியது. எந்த இடத்தில் அது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. என்ன செய்வதென்றும் தெரியவில்லை. கம்பளிச் சட்டையை எடுத்து அவள் முதுகில் போட்டேன்.

போகும்போது, “கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்துடுங்க,” என்றாள். “அண்டாவுல காய்ச்சினது இருக்கும்.”

அவள் போன பிறகு யோசித்தேன். இங்கத்திய பீர் வைத்திருந்து குடிக்கிற பீர் அல்ல. ஒரு மாதம் பாட்டிலில் இருந்ததால் புளித்திருக்கலாம். அன்று நன்றாகவே இருந்திருக்கலாம். அல்லது அன்றும் இதே பீர்தான். அடைத்த நாளில் எடுத்த அமில அளவு என்னிடம் இருக்கிறது. சோதனைத் தாள் இழுப்பறையில் இருக்கிறது. பாட்டிலில் இன்னும் ஒரு வாய் பாக்கி. தாளை நனைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.